கதிரேசனுக்கு உடைந்தது மூணே மூணு

மினுவன்தென்னைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பின்வீடு.
14.08.2025, வியாழக்கிழமை.

கேகாலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஆவணி முதலாந் திகதி கடை திறக்கவிருக்கும் மாப்பிள்ளை நிரோஷன் அவர்களுக்கு, மாமனார் அழகமுத்து ஆசிகள் பல கூறி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தை ஜெயம்மாவும் சுகம். அத்தைக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்களாம். இரண்டு கோழி அடை காக்கிறது. மழை விட்டு விட்டுப் பெய்வதால் ரப்பர் பால் வெட்டு சரியாக நடக்கவில்லை. அங்கே நீங்களும் மகள் துஷ்யந்தியும் குறைவில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இவ்வளவும் வழக்கமாக எழுதுவது. வழக்கத்துக்கு மாறாக எழுத வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு கிழமைக்கு வைத்திருக்கச் சொல்லி எங்கள் வீட்டுக்கு நீங்கள் அனுப்பிய கத்தரிக்கோல் கதிரேசனுக்குச் சுகமில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் தடுமாறுவேன், தடுமாறினால் பொய் சொல்லிவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஒபிஸில் பெரிய கிளாக்காக இருந்தவன் நான். தோட்டத்தில் எது உடைந்தாலும் துரைக்கு ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. உடைந்த பொருள் என்ன, எந்தத் திகதி, எந்த இடம், யார் இருந்தார்கள், யார் பிழை என்று தலைப்புகள் உண்டு. கடைசித் தலைப்பின் கீழ் பெரும்பாலும் ஒரு தொழிலாளியின் பெயரைப் போட்டு முடித்துவிடுவோம். இந்த ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் என் பெயர் வருகிறது. அதனால்தான் இரண்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நாளைக் காலை மாவனல்லை கபூர் நானாவின் லொறி கேகாலைக்கு வருகிறது, அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்பவிருக்கிறேன்.

தைப் பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தபோது, வங்கி வேலையை விட்டுவிட்டு சலூன் போடப் போவதாகச் சொன்னீர்கள். லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு வருஷம் தொழில் பழகியதாகவும் சொன்னீர்கள். அப்போது நான் வாயில் பொங்கலை வைத்துக்கொண்டே, "முடி வெட்டுறதுக்கா மாப்புள அவ்வளவு படிச்சீங்க? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னான்னு சொல்றது?" என்று கேட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுடைய நல்ல குணம் அது. துஷ்யந்திக்கு அந்தக் குணம் கிடையாது, அவள் என் மகள். "கேட்டா சலூன்னு சொல்லுங்க. அதுல என்ன வெக்கம்?" என்று எழுந்து போனவள், ஏழு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதெல்லாம் அம்மாவோடுதான். நான் பக்கத்தில் பேப்பர் வாசிப்பதுபோல உட்கார்ந்து, அம்மாவின் பதிலை வைத்து மகள் என்ன கேட்டாள் என்று ஊகித்துக்கொள்வேன். எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனால் நானாக எடுத்துப் பேசவுமில்லை.

ஜூலை மாதம் 29ஆம் திகதி கபூர் நானா லொறியில் கதிரேசனைக் கொண்டுவந்து இறக்கினார். நானாவை உங்களுக்குத் தெரியும், கிழமையில் இரண்டு நாள் தோட்டத்துப் பக்கம் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் சேர்க்க வருகிற மனிதர். கொழும்பில் மூடிய தியேட்டரின் வாசலில் நின்ற பொம்மை, மாப்பிள்ளை ஆசையாக வாங்கியிருக்கிறார், கடையில் பெயின்ட் காயும் வரை இங்கே நிற்கட்டும் என்று அத்தை சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். கதிரேசன் வருகிற சினிமாப் படத்தை நான் பார்த்ததில்லை. ஊருக்காகச் சண்டை போடுகிற முடிவெட்டுக்காரராம் கதிரேசன். ஆறடி உயரம். மடித்துக் கட்டிய வேட்டி, திறந்த மார்பு, தோளில் என் கை நீளத்துக்கு ஒரு கத்தரிக்கோல், நெற்றியில் ஒரு சுருள் முடி, ஒரு புருவம் மட்டும் மேலே. முன்னறையில் வைத்தோம். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் கடையின் பெயரும் அவர் பெயர்தான், நோட்டீஸிலும் அவர் படம்தான், அந்த நோட்டீஸ் கேகாலை டவுன் முழுக்கப் போய்விட்டது என்று அத்தை சொன்னாள். திறப்பு நாளன்று கதிரேசன் வாசலில் நிற்காவிட்டால் கடைக்குப் பெயர் மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்காது என்பது எனக்கு விளங்கியது. அதனால் அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் மனதார நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இப்போது விபத்து. ஆகஸ்ட் 2ஆம் திகதி சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணியளவில், அத்தை லயத்துக்குக் கீரை வாங்கப் போயிருந்த நேரம், நம் கோயில் தலைவரும் அவர் மனைவியும் கையில் தாம்பாளத்துடன் படி ஏறி வருவதை ஜன்னலால் கண்டேன். தங்கள் மகளுடைய கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. வந்தால் முன்னறையில் உட்காருவார்கள், உட்கார்ந்தால் கதிரேசனைப் பார்ப்பார்கள், பார்த்தால் இது யாருக்கு என்று கேட்பார்கள். இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கிறீர்கள் என்று ஏழு மாதமாக நான் கோயிலில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வைகாசியில் உங்களுக்குக் குருநாகலுக்கு மாற்றம் கொடுத்தேன். ஆனி மாதம் உதவி மேனேஜர் ஆக்கினேன். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஒங்களுக்குக் கெடைச்ச மாதிரி மாப்புள யாருக்குங்க கெடைக்கும்?" என்று சொன்னார். அப்பேர்ப்பட்ட உதவி மேனேஜரின் கத்தரிக்கோலை அவர் கண்ணில் படவிட எனக்கு மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, மாப்பிள்ளை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகையால் கதிரேசனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்து, பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குப் பாரம் அவ்வளவில்லை, உயரம்தான் தொல்லை. கதவு நிலையில் ஒரு தரம் அவர் தலை இடித்தது, மன்னிப்புக் கேட்டேன். குளிக்கிற அறை வாசலில் காலையில் துணி துவைத்த சவர்க்காரத் தண்ணீர் இருந்திருக்கிறது. நான் வழுக்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் நான் கதிரேசன் மேல் விழுந்தேன். கதிரேசன் துவைக்கிற கல் மேல் விழுந்தார். முன்னறைக்குள் வந்துவிட்ட தலைவர், "என்னங்க கிளாக்கரையா சத்தம்?" என்று கேட்டார். "பூனைங்க" என்றேன். "பூனையா?" என்றார். "பெரிய பூனைங்க" என்றேன். அதன்பின் முக்கால் மணித்தியாலம் அவர்கள் இருந்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், உங்கள் பதவி உயர்வைப் பற்றி விசாரித்தார்கள், நானும் சொன்னேன்.

அவர்கள் போனபின் சென்று பார்த்ததில் உடைந்தது மூன்று. மூக்கு நுனி, நெற்றிச் சுருள், இடது கைப் பெருவிரல். இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் ஒரு கீறல்கூட இல்லை. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீரையோடு வந்த அத்தை, குளிக்கிற அறையில் மல்லாந்து கிடந்தவரையும் என்னையும் பார்த்தாள். "துஷ்யந்திக்கு நான் சொல்ல மாட்டேங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள். சரியாக்கிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் கீரையை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

வெளியாளிடம் போவானேன் என்று முதலில் நானே வைத்தியம் பார்த்தேன். நாம் இருப்பது ரப்பர் தோட்டத்தில். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் நம்மிடம் வாங்கித்தான் பசை செய்கிறார்கள் என்றால், அந்தப் பசையை நானே செய்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன். பால் வெட்டுகிற ஆளிடம் அரைச் சிரட்டை பால் வாங்கி, ஸ்டோரிலிருந்து நாலு சொட்டு அசிட் கொண்டுவந்து கலந்து, கட்டிப்பட்டு வருகிற நேரம் பார்த்து, மூக்கு இருந்த இடத்தில் பிடித்து வைத்தேன். அன்றைக்குப் பார்க்க வெள்ளையாக, நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மஞ்சளானது. அதற்கு மறுநாள் மண்ணிறமாகி, நீண்டு, மேல் உதட்டைத் தொட்டது. இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பப் போனது. வாடை வேறு. ஒட்டுப்பால் வாடை எங்களுக்குப் பழகியதுதான், ஆனால் அது முன்னறையில் நின்று ஒரு புருவத்தை உயர்த்திப் பார்ப்பது பழக்கமில்லை. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, கடைக்கு வர்றவங்க முடி வெட்டிக்கவா வருவாங்க, ஓடிப் போகவா வருவாங்க?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை லொறியோடு வந்த கபூர் நானா கதிரேசனைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன கிளாக்கரையா, மூக்கு ஒழுகுது, இவருக்குத் தடிமல் புடிச்சீக்கா?" என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார். "மாவனல்லைக்கு இங்கால ரோட்டோரத்துல செலை செய்ற ஒரு பாஸ் ஈக்கிறாரு, பியதிலக்க பாஸ். மானு, மயிலு, அன்னம் எல்லாம் செய்வாரு. மவுத்தாகிப் போன ஸ்கூல் அதிபர்மாருக்குச் செலை வெக்கிறதும் அவருதான். போட்டோவக் குடுத்தா மூஞ்சி அச்சா வரும். ஏத்துங்க, நான் கொண்டு போறேன்." அன்றைக்கு அத்தைக்குக் கேகாலையில் கிளினிக். புறப்படும்போதே, "நான் வர்ற வரைக்கும் பொறுங்க, நான் வந்து சிங்களத்துல பேசுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் இந்தப் பக்கத்திலேயே பிறந்தவள், சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். நான் மஸ்கெலியாவிலிருந்து வேலைக்கு வந்தவன். ஆனாலும் முப்பத்தொரு வருஷம் இங்கே இருந்திருக்கிறேன். மூன்று உடைந்த இடத்தைக் காட்டிப் பேச மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டா போக வேண்டும் என்று எனக்கு ஒரு ரோசம் வந்தது. லொறியில் ஏறிவிட்டேன்.

பாஸின் பட்டறையை அடைந்தபோது நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று நானா எங்களை இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நானா நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. பியதிலக்க பாஸ் மரியாதையான மனிதர். சுற்றிலும் மான்களும், கழுத்து வரைக்கும் மட்டும் இருந்த பல அதிபர்களும். என்ன செய்ய வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். மூக்கைக் காட்டினேன், நெற்றியைக் காட்டினேன், பெருவிரலைக் காட்டினேன். பிறகு, பொம்மை முழுவதையும் கழற்றிப் போட்டுவிடப் போகிறாரே என்ற பயத்தில், இந்த மூன்றை மட்டும் என்று அழுத்திச் சொல்ல விரும்பினேன். சிங்களத்தில் 'மட்டும்' என்பதற்கு 'விதரய்' என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றுக்கு என்ன என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை. சரி, எண்ணிக்கைதானே, எல்லோருக்கும் விளங்கும் என்று, "மூணு விதரய்" என்றேன். அவர் ஆச்சரியமாக, "மூண விதரத?" என்று கேட்டார். ஆகா, மனிதருக்குத் தமிழும் தெரிகிறதே என்று எனக்குச் சந்தோஷம். "மூணு விதரய், மூணு விதரய்!" என்று விரல் மூன்றையும் நீட்டிக் காட்டினேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணே போட்டோ தியெனவத?" என்றார். 'தியெனவத' என்றால் இருக்கிறதா. மூணே மூணு போட்டோ இருக்கிறதா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. இந்த நாட்டில் எந்தக் காரியத்துக்குப் போனாலும் மூன்று போட்டோ கேட்பார்கள். ஒபிஸில் வேலை பார்த்தவன் பர்ஸில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இல்லாமல் இருக்காது. பென்ஷன் விஷயமாக எடுத்ததில் சரியாக மூன்று மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் என் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எழுதிக் கையெழுத்தும் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தேன். பாஸ் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "மஹத்தயாகேத?" என்றார். உங்களுடையதா என்று அர்த்தம். ஆமாம், என்னுடையதுதான் என்றேன். நான் உயிரோடு இருப்பதில் அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது. ஆனாலும் தொழில் செய்கிறவர் வந்தவரின் ஆசையைக் கேள்வி கேட்க மாட்டார். ஒரு கிழமையில் தருகிறேன் என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை, கபூர் நானா கதிரேசனைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். பாய் விழுந்தது. நானா இரண்டடி பின்னால் போய், "அல்லாஹ்வே, கிளாக்கரையா, இது நீங்கதானே!" என்றார். நான்தான். அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம். சுருள் முடி இருந்த இடத்தில் என் வழுக்கை, பின் மண்டையில் காதுக்குக் காது என் நரை, கம்பிக் கண்ணாடி, வலது கன்னத்து மச்சம். பாஸ்போர்ட் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோவில் சொன்னார்கள் அல்லவா, ஆகையால் சிரிப்பும் இல்லை, உயர்ந்த புருவமும் இல்லை, பென்ஷன் இன்னும் வரவில்லையே என்கிற அதே பார்வை. பாஸ் தாராளமாக நாலைந்து வயதைக் குறைத்திருக்கிறார். காதுக்குள் இருக்கிற முடியை மட்டும் குறைக்கவில்லை. கழுத்துக்குக் கீழே எல்லாம் கதிரேசனேதான், அதே திறந்த மார்பு, அதே மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் கத்தரிக்கோல். எனக்கு இருபத்தைந்து வயதிலும் அப்படி ஒரு மார்பு இருந்ததில்லை. இடது கைப் பெருவிரல் உடைந்தபடியே இருந்தது.

அத்தை வெளியே வந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பட்டறையில் என்ன பேசினீர்கள், ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். "ஐயோ, 'மூண'ன்னா சிங்களத்துல மொகம்ங்க! மூணுக்கு 'துன'ன்னு சொல்லணும். மொகத்த மட்டும், மொகத்த மட்டும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. மொகத்துக்குப் போட்டோ இருக்கான்னு அவரு கேட்டிருக்காரு, ஒங்க மொகத்தையே எடுத்துக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லி, படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கபூர் நானாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடை காத்த கோழி ஒன்று சத்தத்தில் எழுந்து போய்விட்டது. நான் மூன்று விரலை நீட்டிக் காட்டினேனே, அதை அந்த மனிதர் என்னவென்றுதான் நினைத்தாராம் என்று கேட்டேன். இருவரும் இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் ரிப்போர்ட்டில் சேர வேண்டிய இன்னொரு சம்பவம் உண்டு. கதிரேசனை உள்ளே எடுக்க எனக்குத் தெம்பில்லை. துணி போட்டு மூடினால், என்னையே மூடிக் கிடத்தியதுபோல இருந்தது, அத்தை வேண்டாம் என்று எடுத்துவிட்டாள். ஆகவே அவர் முற்றத்திலேயே நின்றார். நேற்றுக் காலை கோயில் தலைவர் ரோட்டில் போனவர் நின்றுவிட்டார். உள்ளே வந்தார். பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது என்னங்க கிளாக்கரையா?" என்றார். பூனை என்று சொல்ல முடியாது. ஒளிக்கவும் இடமில்லை, என் முகமே கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "மாப்புள கேகாலையில சலூன் தொறக்கிறாருங்க, அதுக்கு" என்றேன். "அப்ப பேங்க்?" என்றார். "பொங்கலோட விட்டுட்டாருங்க. குருநாகலும் உதவி மேனேஜரும் நான் குடுத்ததுங்க" என்றேன். அவர் கத்தரிக்கோலை ஒரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு, "அதுக்கென்னங்க. எங்க மருமகனுக்குக் கல்யாணத்து அன்னைக்கு முடி வெட்டி மொகத்துக்கும் ஏதோ பூசணுமாம், கேகாலையில நல்ல எடமா தேடுறாரு. ஒங்க மாப்புளகிட்ட ஒரு நேரம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், மாப்பிள்ளை. ஏழு மாதம் மகள் குரல் கேட்காமல் நான் பயந்து கிடந்தது இந்தக் கேள்விக்குத்தான். இவ்வளவு சின்னக் கேள்வி என்று தெரிந்திருந்தால் பொங்கலன்றே வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பேன். அவர் போன பின்னும் வெகுநேரம் திண்டாட்டமாக இருந்தது, எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

இனி ரிப்போர்ட்டின் முடிவு. பிழை முழுவதும் என்னுடையது. சவர்க்காரத் தண்ணீர் மேலோ, பாஸ் மேலோ, சிங்களத்தின் மேலோ பாரத்தைப் போட நான் தயாராக இல்லை. பழைய முகத்தைப் பாஸ் இடித்துக் குழியில் போட்டுவிட்டார், புதிதாகக் கதிரேசன் முகம் செய்ய மூன்று கிழமை வேண்டும் என்கிறார். இந்த மூன்றை அத்தையே போனில் பேசி உறுதிப்படுத்தியிருக்கிறாள். ஆகையால் திறப்பை மூன்று கிழமை தள்ளிப் போடுங்கள். முடியாதென்றால், கதிரேசன் இல்லாமலேயே திறந்துவிடுங்கள். எது எப்படியானாலும் இப்போதுள்ள பொம்மையைக் கடைவாசலில் வைக்கவே கூடாது. முடி வெட்டுகிற கடைக்கு முன்னால் வழுக்கைத் தலையன் ஒருவன் கத்தரிக்கோலோடு நின்றால், உள்ளே போனவனுக்கு இந்தக் கதிதான் என்று சனம் எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அதை இங்கேயே ஸ்டோருக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன், காட்டுப்பன்றி வந்தால் பயப்படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை திறப்புக்கு நான் வரவில்லை. அத்தையை மட்டும் அனுப்புகிறேன். உங்களிடம் அன்றைக்கு அப்படிக் கேட்டவன், ஏழு மாதம் ஊரெல்லாம் பொய் சொன்னவன், கடைசியில் உங்கள் கதிரேசனையும் கெடுத்தவன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? இருந்த முகத்தையும் அவருக்குக் கொடுத்தாகிவிட்டது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மாப்பிள்ளை. துஷ்யந்தியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கைத்தொழில் உள்ளவன் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தாமதமாக நானே தெரிந்துகொண்டேன்.

கடை நன்றாக நடக்கட்டும். கத்தரிக்கோல் ஓயாமல் சத்தம் போடட்டும். நாற்காலி சூடு ஆறாமல் ஆள் மாறி ஆள் உட்காரட்டும். நீங்கள் இருவரும் மனமொத்து, குறை ஒன்றும் இல்லாமல் வாழ என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
அழகமுத்து,
ஓய்வுபெற்ற பெரிய கிளாக்.

பி.கு.: 15ஆம் திகதி, வெள்ளிக்கிழமை காலை. மேலே எழுதியதில் விபத்து நடந்த விதத்தைத் தவிர வேறு எதையும் பொருட்படுத்த வேண்டாம். லொறிச் சத்தம் கேட்டு, கடிதத்துக்குக் கவர் தேடி நான் உள்ளே போயிருந்த ஐந்து நிமிஷத்துக்குள் உங்கள் அத்தையும் கபூர் நானாவும் பொம்மையைத் தூக்கி லொறியில் கட்டிவிட்டார்கள். கேட்டால், அத்தை செவ்வாய்க்கிழமையே படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டாளாம். நான் சத்தம் போட வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. துஷ்யந்தி. அம்மாவுக்கு இல்லை, எனக்கு. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் பிடிபடவில்லை. "அப்பா, அவரு போர்டே எழுதிட்டாருப்பா. ஒங்க காலுக்குக் கீழ வெக்கிறதுக்கு. 'இப்படி ஆகுமுன் உள்ளே வாருங்கள்'னு, ரெண்டு பாஷையிலயும். கடை பேஸ்புக்குல போட்ட போட்டோவப் பாத்துட்டு நேத்தே பதினாலு பேரு நேரம் கேட்டிருக்காங்க" என்றாள். பிறகு, "பொம்ம மட்டும் வந்தாப் பத்தாதுப்பா" என்றாள். போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு வேட்டி மாற்றப் போனேன்.

இதை லொறியின் முன் சீட்டில் மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடுவதற்கு ரோட்டுத்தான் காரணம். கடிதத்தை யாரிடமும் கொடுத்து அனுப்பவில்லை, நானே கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் நாற்காலியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதில் நான் உட்காருகிறேன். பார்த்து வெட்டுங்கள் மாப்பிள்ளை, இருப்பது கொஞ்சம்தான்.